கே.கே.வுக்காக யார் அழுதது?

‘விசாரணை’ படத்தைப் பற்றித் திருத்தணியில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: “பாவம் சார், ஒண்ணும் தெரியாத பசங்க. ஆள் மாறிப்போச்சு.” பஸ் நிலையத்து டீக்கடையிலும் இதுதான், படித்தவர்கள் கூடும் இடத்திலும் இதுதான். 2016 பிப்ரவரியில் வெளியான படம். வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனது, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது, ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. இவ்வளவும் ஆன பிறகு அந்தப் படத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டது ஆள் மாறிப்போன கதை மட்டும்தான் என்றால், படத்தைப் பார்த்ததில் எங்கோ பிசகு நடந்திருக்கிறது.

அந்தத் தரப்பை அதன் முழு பலத்தோடே சொல்லிவிடுகிறேன். அப்பாவியை அடிப்பது கொடுமை, அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் நிஜத் திருடனை என்ன செய்வது? வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். சாட்சிக்காரன் பல்டி அடிப்பான். ஜாமீனில் வந்தவன் அடுத்த வாரமே இன்னொரு தெருவில் செயின் அறுப்பான். ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை, கைரேகை முடிவு வர நாளாகும், மேலே இருந்து போன் மேல் போன். இந்த நிலையில் நாலு அடி போட்டால் நகை திரும்பக் கிடைக்கிறது, மற்றவனுக்கும் பயம் வருகிறது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே குறை அடியில் இல்லை, ஆளை மாற்றிப் பிடித்ததில்தான். ‘விசாரணை’யும் ‘ஜெய் பீம்’ படமும் நம்மை உலுக்குவதற்குக் காரணம், அடிபட்டவர்கள் நிரபராதிகள் என்பதே.

இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் ஒருமுறையாவது எதையாவது பறிகொடுத்தவர்கள். அதனால்தான் பதில் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. படத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்தீர்களா?

அப்படி எழுந்து வந்தவர்களுக்குத்தான் இது ஆள் மாறிப்போன கதை. முதல் பாதி குண்டூர். பூங்காவில் படுத்துத் தூங்கும் தமிழ்நாட்டுக் கூலிப் பையன்கள் மேல் திருட்டுக் கேஸ். அடித்து ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். நீதிமன்றத்தில், தற்செயலாக அங்கே வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் அவர்களுக்காகத் தெலுங்கில் பேசுகிறார், விடுதலை. (அவர்கள் திருத்தணிப் பையன்களாக இருந்திருந்தால் அந்த இன்ஸ்பெக்டரே தேவைப்பட்டிருக்க மாட்டார், தெலுங்கில் அவர்களே பேசியிருப்பார்கள். கதையும் இரண்டாம் பாதிக்குப் போயிருக்காது.) வழக்கமான நிரபராதிப் படமாக இருந்தால் இங்கே சுபம் போட்டிருப்பார்கள்.

வெற்றிமாறன் போடவில்லை. இரண்டாம் பாதியில் கிஷோர் நடித்த கே.கே. என்ற ஆடிட்டர் வருகிறார். அரசியல்வாதிகளின் கறுப்புப் பணக் கணக்கெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. இவர் அப்பாவி இல்லை. நாம் இவருக்காக அழ வேண்டும் என்று படமும் கேட்பதில்லை. அவரையும் அடிக்கிறார்கள், காவலிலேயே சாகிறார். அந்தச் சாவைத் தற்கொலையாக ஜோடிக்கிறார்கள். ஜோடித்ததைத் தெரிந்துகொண்டவர்கள் உயிரோடு இருக்கக் கூடாது. ஸ்டேஷனைக் கழுவிச் சுத்தம் செய்ய வைத்திருந்த பையன்கள் அப்படித்தான் சுடப்படுகிறார்கள், கடைசியில் முத்துவேலும்.

வரிசையைக் கவனியுங்கள். அப்பாவிகளைக் கொன்றது ஆள் மாறாட்டம் இல்லை. குற்றவாளியை அடித்த அடிதான் கொன்றது. சரியான ஆளை, கணக்குத் தெரிந்த ஆளை, அடிக்கத் ‘தகுதியான’ ஆளைப் பிடித்தார்கள். அங்கிருந்துதான் அத்தனை பிணமும் விழுகிறது. குற்றவாளியை அடிப்பது சரி, அப்பாவியை அடிப்பதுதான் தப்பு என்ற வாதத்தை இதைவிடப் பச்சையாக ஒரு படம் உடைக்க முடியாது. அதையே அந்த வாதத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறோம்.

2. அடி விழும் நேரத்தில் அப்பாவி என்று எவனும் இல்லை.

இருப்பவன் சந்தேகக் கேஸ் மட்டுமே. அப்பாவி என்பது எல்லாம் முடிந்த பிறகு கிடைக்கும் பட்டம், பல நேரம் செத்த பிறகு கிடைப்பது. நமக்கு இது புதுச் செய்தியும் இல்லை. பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவனின் கதையைக் காப்பியமாகவே வைத்திருக்கிறோம். 1942-இல் ‘கண்ணகி’யாகவும், 1964-இல் கலைஞரின் திரைக்கதையில் ‘பூம்புகாரா’கவும் அதைத் திரையில் பார்த்து அழுதவர்கள் நாம். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், அரசியின் சிலம்பில் முத்துப் பரல். உடைத்துக் காட்டியதும் பாண்டியன் செத்து விழுகிறான். நாம் கைதட்டுவது அந்தப் பரலுக்கு.

ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உடைத்த சிலம்பில் முத்து இருந்திருந்தால்? கோவலன் உண்மையிலேயே திருடியிருந்தால்? பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அந்தப்புரத்துக்குப் போகிற அவசரத்தில், கையில் சிலம்பு இருந்தால் ஆளைக் கொன்று எடுத்து வாருங்கள் என்று சொன்ன பாண்டியனின் ஆணை அப்போது நியாயமாகிவிடுமா? விசாரிக்காமல் கொன்றது அப்போதும் விசாரிக்காமல் கொன்றதுதான். பாண்டியன் தவறியது கோவலனின் குணத்தைக் கணிப்பதில் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதில். பரலை மட்டும் பார்த்தவர்கள் காப்பியத்தையும் பாதியிலேயே விட்டவர்கள்.

சிட்னி லூமெட்டின் ‘12 ஆங்ரி மென்’ (1957) படத்தை நிரபராதியைக் காப்பாற்றிய படம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். இந்தியில் ‘ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா’ என்று எடுத்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தப் பையன் கொலை செய்யவில்லை என்று படத்தில் எங்கும் நிரூபிக்கப்படுவதே இல்லை. செய்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் அந்த ‘முடியவில்லை’யை ஏற்றுக்கொண்டு எழுந்து போகிறார்கள். நம் டீக்கடை நடுவர் குழுவுக்கு அது போதாது. பையன் கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கியிருப்போம்.

3. அடித்தால் உண்மை வருமாம்.

வருவது உண்மை இல்லை, அடிப்பவன் ஏற்கெனவே மனதில் வைத்திருக்கும் பதில். குண்டூர் ஸ்டேஷனுக்கு வேண்டியிருந்தது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற ஒரு சொல். அதற்காகத்தான் அத்தனை பிரம்பும். அந்தக் கேஸில் உண்மையில் திருடியவன் யார்? படம் பார்த்துவிட்டு வந்தவர்களில் எவராவது இதைக் கேட்டதுண்டா? ஸ்டேஷனிலும் யாரும் கேட்கவில்லை. கேஸ் முடிந்தால் போதும்.

படம் கற்பனை என்பார்கள். கற்பனை இல்லை. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் 1983-இல் குண்டூரில் தான் பட்டதை எழுதிய ‘லாக்கப்’தான் படத்தின் முதல் பாதி. சரி, அது பழைய கதை, வேறு மாநிலம் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூன் எந்தப் பழைய காலம்? சிவகங்கை மாவட்டம் மடப்புரம் காளி கோயிலில் காவலாளியாக இருந்த 27 வயது அஜித்குமார். காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று ஒரு பக்தர் கொடுத்த புகார். எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்பே ஸ்பெஷல் டீம் வந்துவிட்டது. மறுநாள், ஜூன் 28, அவர் பிணம். உடற்கூறாய்வில் 44 காயங்கள். கொலைகாரன்கூட இப்படி அடித்திருக்க மாட்டான் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லும் அளவுக்கு அடி. நகை? கிடைக்கவில்லை. ‘நாலு அடி போட்டால் நகை வரும்’ என்ற கணக்கைப் போட்டுப் பார்த்த இடம் அது. விடை இதுதான்.

நம்மூரும் கோயில் ஊர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம், டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கு 365 படியிலும் ஜனம். கூட்டம் இருக்கும் இடத்தில் செயின் போவதும் பர்ஸ் போவதும் நடக்கிற காரியம்தான். அதற்குப் பக்கத்திலேயே செருப்பு பார்ப்பவர், படி கூட்டுபவர், வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிப்பவர் என்று தினக்கூலிக்காரர்கள் நிற்கிறார்கள். யார் மேல் முதல் சந்தேகம் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்துக்கு இது தெரியாமலும் இல்லை. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872-இன் சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவில் எழுதி வைத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியமும் 23-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. ஆனால் அதற்குள் ஒரு சந்து உண்டு. பிடிபட்டவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், சொன்னதில் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். ‘ரெக்கவரி’ என்ற சொல்லுக்கு ஸ்டேஷனில் இவ்வளவு மவுசு வந்தது இதனால்தான். பொருள் கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்காவிட்டால் கிடைக்கும் வரை அடிக்க வேண்டும். திருடாதவனிடம் பொருள் இல்லை என்பதால் அதிக நேரம் அடிபடுபவன் திருடாதவனே. திருடனாவது எடுத்துக் கொடுத்துத் தப்பித்துக்கொள்வான்.

4. ‘அது ஆந்திரா போலீஸ்’ என்று சொல்லிக்கொள்வதில் நம் ஊருக்கு ஒரு தனிச் சுகம்.

நகரிக்கு அப்பால்தான் எல்லாக் காட்டுமிராண்டித்தனமும் ஆரம்பிக்கிறது என்பதுபோல். 1960 மார்ச் 31 வரை திருத்தணியும் ஆந்திராதான், சித்தூர் மாவட்டம்தான். ம.பொ.சி. போராடி, படாஸ்கர் தீர்ப்பு வந்து, ஏப்ரல் 1 அன்று இந்தப் பக்கம் வந்தோம். கோடு நகர்ந்தது, லத்தி அதே லத்தி. கே.கே. சாவது சென்னையில். ஊரடங்கில் கடையை மூட நேரமாகிவிட்டது என்று பிடித்துப்போன ஜெயராஜும் பென்னிக்ஸும் 2020 ஜூனில் செத்தது சாத்தான்குளம் ஸ்டேஷன் அடியில். அங்கே சிசிடிவி இருந்தது. பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார்.

இன்னும் பின்னால் போகலாம். இரு பக்கமும் ஒரே சென்னை மாகாணமாக இருந்தபோது, சித்திரவதைப் புகார்களை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கமிஷன் போட்டு 1855-இல் அறிக்கை வெளிவந்தது. விரலை மரக் கிட்டியில் வைத்து நசுக்குவது, கயிற்றால் உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. லண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ் 1857-இல் நியூயார்க் பத்திரிகைக்கு இதைப் பற்றி எழுதினார். அந்த அறிக்கையில் கவனிக்க வேண்டியது ஒன்று: திருட்டை ஒப்புக்கொள்ள வைக்க மட்டும் அடிக்கவில்லை, நிலவரி பாக்கி வசூலிக்கவும் அடித்தார்கள். வரி பாக்கி வைத்த விவசாயி அப்பாவியா, குற்றவாளியா? அந்தக் கேள்வியே அங்கே எழவில்லை. அடிப்பது குற்றத்துக்குத் தண்டனையாக ஆரம்பித்ததே இல்லை. எளியவனிடமிருந்து எதையாவது கறக்கும் வழியாகவே ஆரம்பித்தது.

5. சேஷாசலம்.

2015 ஏப்ரல் 7. திருப்பதிக்குப் பக்கத்துக் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிகள். செம்மரம் வெட்ட வந்தார்கள், தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். தன்னோடு வந்தவர்களை எல்லைக்கு அப்பால் நகரிப் பக்கம் பஸ்ஸிலிருந்தே இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார் தப்பிய ஒருவர். தேசிய மனித உரிமை ஆணையம்வரை போய் அதைச் சொன்னார். அந்த பஸ் தடம் நமக்குப் பழக்கமானது. நாளைக்கு நீங்களும் நானும் திருப்பதிக்குப் போகிற சாலை.

அப்போது தமிழ்நாட்டில் நடந்த விவாதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம், “செம்மரம் வெட்டப் போனவன்தானே.” மறு பக்கம், நம் பக்கம், “இல்லை, அவர்கள் அப்பாவிகள், மேஸ்திரி வேலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் போனவர்கள்.” காடா, பஸ்ஸா? வெட்டினார்களா, வெட்டவில்லையா? ஆதரித்துப் பேசியவர்களும் தங்களை அறியாமல் ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள்: வெட்டியிருந்தால் சுட்டது சரி என்று. மரம் வெட்டியதற்குச் சட்டத்தில் சிறை உண்டு, அபராதம் உண்டு. மரண தண்டனை எந்தப் பிரிவிலும் இல்லை. இருபது பேரும் கோடரியோடு காட்டில் நின்றிருந்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவர்களைப் பிடித்து, திருப்பதி கோர்ட்டில் நிறுத்தி, மரத்தை வாங்கும் கடத்தல் முதலாளி யார் என்று கேட்டிருக்க வேண்டும். செத்தவன் முதலாளி பெயரைச் சொல்ல மாட்டான். அது யாருக்கு வசதி என்று கே.கே.வின் கதை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

‘அப்பாவி’ என்ற வாதம் செய்கிற தீங்கு இங்கேதான் இருக்கிறது. இரக்கத்தைத் தகுதித் தேர்வாக்கிவிடுகிறது. தேர்ச்சி பெற்றவனுக்குக் கண்ணீர், நீதிமன்றம், சினிமா. தோற்றவனுக்குத் தோட்டா. தேர்வு நடத்துவதோ அதே போலீஸ். விடைத்தாளைத் திருத்துவதும் அவர்களே. பிறகு ஒவ்வொரு பிரேதத்துக்கும் ஒரு பழைய கேஸ் தேடி எடுக்கப்படும். 2023 ஜூனில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குறவர் குடும்பத்தினரைச் சித்தூர் போலீஸ் திருட்டுக் கேஸில் தூக்கிப்போய்ச் சித்திரவதை செய்ததாகப் புகார் எழுந்தது. அந்தச் சமூகத்துப் பெயரைச் சொன்ன மாத்திரத்திலேயே தேர்வில் பாதி மதிப்பெண் போய்விடுகிறது, அவர்கள் எங்கே பிறந்து எப்படி வாழ்ந்திருந்தாலும்.

6. விசில் அடித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம்.

‘காக்க காக்க’ அன்புச்செல்வனுக்கும் ‘சிங்கம்’ துரைசிங்கத்துக்கும் கைதட்டிய அதே ஜனம்தான் 2021-இல் ‘ஜெய் பீம்’ சந்துருவுக்கும் கைதட்டியது. நடிகரும் ஒருவரே. நடிகரைக் குறை சொல்லவில்லை. அவர் எல்லா வேஷமும் கட்டலாம். இரண்டுக்கும் ஒரே மனசோடு கைதட்ட நமக்கு எப்படி முடிகிறது என்பதே கேள்வி. முடிவதற்குக் காரணம், ஒன்றில் அடிபட்டவன் கெட்டவன், மற்றதில் நல்லவன். ‘ஜெய் பீம்’ எடுத்த த.செ. ஞானவேலின் ‘வேட்டையன்’ (2024) இந்த முரணைத் தொட்டே பார்த்தது, பாதி தூரம்தான் போனது. ரஜினி தொடக்கத்தில் ரவுடியைச் சுடும்போது அரங்கம் அதிர்கிறது. பிறகு சுடப்பட்ட இன்னொருவன் நிரபராதி என்று தெரிந்ததும் அவருக்குக் குற்றவுணர்வு. முதல் தோட்டாவுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

திரைக்கு வெளியே, 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத்துக்கு அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது, போலீசார் மேல் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன் பின்னர் சொன்னது: வேண்டுமென்றே சுட்டார்கள், நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். தூவிய பூவைத் திரும்பப் பொறுக்கிக்கொள்ள யாரும் வரவில்லை. நம் வாட்ஸ்அப்பில் இதற்கு மலிவான பதிப்பு ஒன்று உண்டு. கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு நிற்கும் பையன்களின் படம், கீழே “பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாங்களாம்”, சிரிக்கும் பொம்மைகள். வழுக்கி விழவில்லை என்று அனுப்புகிறவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். பொய் எழுதிய ஆவணம் ஒன்று அரசாங்கத்தின் பெயரில் கோர்ட்டுக்குப் போகிறது என்பதைச் சேர்ந்து ரசிக்கிறோம். அதே பேனாதான் நாளைக்குக் கே.கே. தூக்கில் தொங்கினார் என்றும் எழுதும்.

7. “உன் வீட்டில் திருட்டுப் போனால் தெரியும்.”

இதுதான் கடைசி அஸ்திரம். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இங்கே வந்துதான் முடியும். சரி, என் வீட்டில் போய்விட்டது. எனக்கு வேண்டியது என்ன? நகை வேண்டும், எடுத்தவன் பிடிபட வேண்டும், கேஸ் நிற்க வேண்டும். அடி இந்த மூன்றில் எதைத் தருகிறது? அடித்து வாங்கிய வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. உடம்பில் காயத்தோடு போனவனைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். உண்மையான திருடனே ஆனாலும் விடுதலையாகி வெளியே வருவான், அதற்கு வழி செய்து கொடுத்தது லத்திதான். வழக்கு நிற்காததால் அடிக்கிறோம் என்கிறார்கள். அடிப்பதாலும் நிற்காமல் போகிறது. கைரேகை எடுக்க, செல்போன் கோபுரக் கணக்குப் பார்க்க, அடகுக் கடைகளில் விசாரிக்க நேரமும் பழக்கமும் வேண்டும். பிரம்பு பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்தால் அந்தப் பழக்கம் எதற்கு வரும்?

இவ்வளவு சொன்ன பிறகும் “இருந்தாலும் நாலு தட்டுத் தட்டினாத்தான்…” என்று இழுப்பவர்களிடம் ஒன்றைக் கேட்பேன். தட்டும்போது நீங்கள் பக்கத்தில் நின்று, போதும் என்று சொல்லத் தயாரா? எத்தனையாவது அடியில் சொல்வீர்கள்? மடப்புரத்தில் 44 காயங்கள் எண்ணப்பட்டன. எந்த எண்ணில் அது விசாரணையாக இருப்பது நின்று கொலையாக மாறியது என்று நீங்களே சொல்லுங்கள். டி.கே. பாசு வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் கைதுக்கு விதி போட்டது. 2020-இல் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொன்னது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது, நாடாளுமன்றம் இன்னும் அதற்கான சட்டம் இயற்றவில்லை. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா சட்டமாகவே இல்லை. அது வேண்டும் என்று எந்தத் தொகுதியிலும் எந்த வேட்பாளரையும் நாம் கேட்டதில்லை. நம் தொகுதியிலும்தான்.